காற்றைக் குத்துவது எதற்கு? கராத்தேயின் ‘கட்டா’வும் ஒரு பள்ளி மாணவியின் படமும்

என் அக்கா மகளுக்குப் பதினொரு வயது. கராத்தே வகுப்பில் சேர்ந்த மூன்றாவது மாதம், வெள்ளைச் சீருடையைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். “தினமும் வரிசையாக நின்று காற்றைக் குத்துகிறோம் மாமா. சண்டை எப்போது சொல்லித் தருவார்கள்?” என்று கேட்டாள். பக்கத்தில் இருந்த அவள் அப்பா, “அது ஒரு மாதிரி நடனம்தான், உடம்புக்கு நல்லது” என்று சமாதானம் சொன்னார். அந்தச் சமாதானம்தான் அவளை இன்னும் கோபப்படுத்தியது.

காற்றைக் குத்தும் அந்த வரிசைக்குக் கட்டா என்று பெயர். கராத்தே போட்டிச் செய்திகளில் ‘கட்டா, குமித்தே பிரிவுகளில் பதக்கம்’ என்று படித்திருப்பீர்கள். குமித்தே என்பது இருவர் நேருக்கு நேர் மோதுவது. அது எல்லோருக்கும் புரிகிறது. கட்டாவைப் பற்றி மட்டும் ஆளுக்கொரு கதை உலவுகிறது. நடனம் என்பார்கள், உடற்பயிற்சி என்பார்கள், கண்ணுக்குத் தெரியாத எட்டுப் பேருடன் சண்டை என்பார்கள். வருடக்கணக்கில் பயின்றவர்களில் பலரும் இதே பதில்களைத்தான் தருகிறார்கள்.

இந்தக் குழப்பத்தையே கதையாக வைத்துக்கொண்ட ஒரு ஜப்பானியப் படம் இருக்கிறது. கட்டாவைப் புரிந்துகொள்ள அதைவிட வசதியான வாசல் எனக்குத் தெரியவில்லை.

பொறுமையில்லாத மாணவி

2009-ல் வெளிவந்த ‘ஹை கிக் கேர்ள்’ படத்தை ஃபுயுஹிகோ நிஷி இயக்கினார். நாயகி கெய் பள்ளி மாணவி. அவள் ஆசிரியர் மாட்சுமுரா அடிப்படைகளையும் கட்டாவையும் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறார். அவளுக்கோ கை துறுதுறுக்கிறது. ஊரில் உள்ள கருப்புப் பட்டைக்காரர்களைத் தேடிப் போய் அடித்து வீழ்த்துகிறாள். தன் பலத்தை உலகம் பார்க்க வேண்டும் என்று ஒரு கூலிப்படைக் கும்பலில் சேரப் போகிறாள். அந்தக் கும்பலின் உண்மையான குறி அவள் ஆசிரியர். இவள் வெறும் தூண்டில் புழு.

கதை அவ்வளவுதான். கதைக்காக யாரும் இந்தப் படத்தைப் பார்ப்பதில்லை. கெய்யாக நடித்த ரினா தகேதாவுக்கு அப்போது 17 வயது. பத்து வயதில் கராத்தே தொடங்கி, ரியூக்யூ ஷோரின்-ரியூ என்ற, ஜப்பானின் ஒகினாவாத் தீவுப் பாணியில் கருப்புப் பட்டை வாங்கியவர். போட்டியொன்றில் அப்பா தோற்றதைப் பார்த்து, பழிவாங்குவதற்காகவே கற்கத் தொடங்கினாராம். ஆசிரியராக நடித்த தட்சுயா நாகா தொழில்முறை நடிகர் அல்ல, ஜப்பான் கராத்தே சங்கத்தின் பயிற்சியாளர். கயிறு கட்டித் தூக்கவில்லை, கணினி வரைகலை இல்லை, நாயகிக்கு மாற்று ஆள் இல்லை என்பதுதான் படத்தின் விளம்பரமே.

ஜப்பானியத் திரையில் சண்டைபோடும் நாயகி என்றால் 1960-களின் இறுதியிலும் 70-களின் தொடக்கத்திலும் பெரும்பாலும் வாள் ஏந்திய, கிமோனோ அணிந்த பெண்தான். புரூஸ் லீ அலை அங்கே அடித்த பிறகு, 1974-ல் டோயெய் படநிறுவனம் எட்சுகோ ஷிஹோமி என்ற 18 வயதுப் பெண்ணை வெறுங்கையோடு களத்தில் இறக்கியது. தகேதா அந்த வரிசையில் வந்தவர். இடையில் ஒரு சின்னத் திருத்தம்: நம் பேச்சில் எல்லாச் சண்டைப் படமும் ‘குங்ஃபூ படம்’ ஆகிவிடுகிறது. குங்ஃபூ சீனாவுடையது. கராத்தே ஒகினாவாத் தீவில் உருவானது. சீனக் கலையின் சாறு அதில் இறங்கியிருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல.

வாய்ப்பாடும் சரளி வரிசையும்

கட்டா என்ற ஜப்பானியச் சொல்லுக்கு வடிவம் என்று பொருள் சொல்வார்கள். அதை எழுதும் சித்திர எழுத்துகளில் ஒன்றுக்கு அச்சு, வார்ப்பு என்ற பொருளும் உண்டு. கொழுக்கட்டை அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சை யாரும் தின்பதில்லை. மாவு அதற்குள் போய்வந்து உருவம் பெறுகிறது. கட்டா அச்சு என்றால், மாவு பயில்பவரின் உடம்பு.

இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். பதினாறாம் வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்த பெரியவர் கடையில் நின்று கணக்குப் போடுவதைக் கவனித்திருக்கிறீர்களா? அவர் பெருக்குவதில்லை. விடை தானாக வாயில் வருகிறது. வாய்ப்பாடு கணக்கல்ல, ஆனால் அது இல்லாமல் அந்த வேகம் இல்லை. பாட்டு வகுப்பில் சரளி வரிசையும் அப்படித்தான். கச்சேரியில் யாரும் சரளி வரிசை பாடுவதில்லை. பாடகரின் தொண்டை ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது தடுக்கி விழாமல் இருக்கிறதே, அதற்குள் சரளி வரிசை ஒளிந்திருக்கிறது.

ஆக, கட்டா என்பது ஒருவர் தனியாகச் செய்யும், அசைவுகளின் எண்ணிக்கையும் வரிசையும் திசையும் முன்கூட்டியே வகுக்கப்பட்ட பயிற்சி. தொடக்கநிலை மாணவர்களுக்குக் கற்றுத்தரப்படும் ‘ஹெயான் ஷோதான்’ என்ற கட்டாவில் 21 அசைவுகள். முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அதற்குள் சண்டை இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

முதல் அசைவைத் திறந்து பார்ப்போம்

அந்தக் கட்டாவின் தொடக்கம் இது. நேராக நிற்கிறீர்கள். இடப்பக்கம் திரும்பி, இடது முன்கையை மேலிருந்து கீழாக இறக்குகிறீர்கள். அதே நேரத்தில் வலது கை முட்டியாக இடுப்புக்கு வருகிறது. பிறகு ஓர் எட்டு முன்வைத்து வலக்கையால் குத்து.

வகுப்பில் இதற்குச் சொல்லப்படும் வழக்கமான விளக்கம், ‘இடப்பக்கமிருந்து ஒருவன் உதைக்கிறான், கையால் தடுக்கிறாய், திருப்பிக் குத்துகிறாய்’ என்பது. என் அக்கா மகளுக்கும் இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அவள் கேட்ட மறுகேள்வி சரியானது: “உதைக்கும் காலைக் கையால் அடித்தால் கை முறியாதா? அடுத்த கையை ஏன் இடுப்பில் வைத்துக்கொண்டு முகத்தைத் திறந்து காட்ட வேண்டும்?”

இங்கேதான் பங்காய் என்ற சொல் வருகிறது. பிரித்துப் பார்த்தல் என்று பொருள். கட்டாவின் அசைவை எடுத்து, எதிரில் ஓர் ஆளை நிறுத்தி, இது எந்த நிலையில் எதற்குப் பயன்படும் என்று பார்ப்பது. மேலே சொன்ன அசைவை இன்னொரு விதமாகப் பிரிக்கலாம். எதிராளி உங்கள் கையைப் பிடித்திருக்கிறான், அல்லது நீங்கள் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டீர்கள். இடுப்புக்கு வரும் வலது முட்டி காலியாக இல்லை, அதற்குள் அவன் மணிக்கட்டு இருக்கிறது. அதை இழுக்கும்போது அவன் முழங்கை நீள்கிறது. கீழே இறங்கும் உங்கள் இடது முன்கை அந்த முழங்கைக்கு மேல் விழுகிறது. அவன் முன்னால் குனிந்துவிட்டான். இப்போது எட்டு வைத்துக் குத்தினால், அந்தக் குத்துக்கு நகர முடியாத இலக்கு கிடைக்கிறது.

அசைவு அதேதான். முதல் விளக்கத்தில் அபத்தமாகத் தெரிந்த இடுப்புக் கை, இரண்டாவதில் அச்சாணியாகிவிட்டது.

இடுப்புக்கு இழுக்கும் இந்தக் கைக்கு ஹிகிதே என்று பெயர், ‘இழுக்கும் கை’. ஒரு பக்கம் பின்னால் போனால் மறுபக்கம் வேகமாக முன்னால் வரும், இடுப்புத் திருப்பத்தால் குத்துக்கு வலு கூடும் என்றும் சொல்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இழுப்பதற்குக் கையில் ஒன்று இருக்க வேண்டும் என்ற விளக்கம்தான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பெயரே அதைத்தான் சொல்கிறது.

திசை மாற்றங்களும் இப்படியே. கட்டாவில் இடம், வலம், பின்புறம் என்று திரும்பிக்கொண்டே இருப்பதால் ‘நாலாபுறமும் எதிரிகள்’ என்ற கற்பனை பிறந்தது. ஒரே எதிராளிக்கு நேர் எதிரே நிற்காமல் அவனுடைய பக்கவாட்டுக்கு நகர்வதைக் குறிக்கவும் அதே திருப்பம் போதும். தாக்க வருபவனின் நேர்க்கோட்டில் நிற்காதே என்பது எந்தச் சண்டைக்கலையிலும் பாலபாடம்.

‘தடுப்பு’ என்ற தவறான மொழிபெயர்ப்பு

கராத்தேயில் தடுப்பு என்று நாம் சொல்வதற்கு ஜப்பானியத்தில் உகே என்று பெயர். அதன் வேர்ச்சொல்லுக்குப் பொருள் ‘வாங்குதல், பெறுதல்’. தமிழில் ‘அடி வாங்கினான்’ என்றால் தோற்றவன் கணக்கு, அதனால் கொஞ்சம் சிரிப்பு வரும். ஆனால் மூட்டை வாங்குபவரைப் பாருங்கள். லாரி மேலிருந்து ஒருவர் அரிசி மூட்டையைத் தள்ளுகிறார். கீழே நிற்பவர் விறைத்து நின்று அதைத் தடுத்தால் கழுத்து போய்விடும். அவர் முழங்காலை மடக்கி, மூட்டை வரும் போக்கிலேயே தோளைக் கொடுத்து, திரும்பி, அந்த வேகத்திலேயே நாலடி நடந்துவிடுகிறார். உகே அந்த வகை வாங்கல்.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பிடித்துக்கொள்வோம். கட்டா தனியாள் வரிசை. அதன் அசைவு ஒவ்வொன்றும் மடித்து வைத்த துணி. மடிப்பைப் பிரிக்கும் வேலை பங்காய். பிரிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, அடிக்காத கை என்ன செய்கிறது என்பதை.

ஏன் தனியாக, ஏன் இத்தனை முறை?

சரி, நேரடியாக இருவரை நிறுத்தி அந்தப் பிடியையே சொல்லிக் கொடுத்தால் என்ன? அதையும் செய்ய வேண்டும். நல்ல ஆசிரியர்கள் செய்கிறார்கள். தனியாகச் செய்வதற்கு வேறு ஒரு காரணம் இருக்கிறது.

கண்ணில் பட்ட ஒன்றுக்கு உடல் அசையத் தொடங்கச் சுமார் 0.2 நொடி ஆகும். எதிர்பார்த்துக் காத்திருக்கும் எளிய அசைவுக்கே இந்தக் கணக்கு. இதைச் செய்யலாமா அதைச் செய்யலாமா என்று தேர்வு வந்துவிட்டால் இன்னும் நீளும். அருகில் நிற்பவரின் குத்து வந்து சேரவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான். யோசிக்க இடமே இல்லை. அந்தக் கணத்தில் உடம்பு என்ன செய்யும்? ஏற்கெனவே பழகியதைச் செய்யும். சைக்கிள் ஓட்டுபவர் சாயும்போது எந்தப் பக்கம் கைப்பிடியைத் திருப்புவது என்று கேட்டுக்கொண்டிருப்பதில்லை.

ஆயிரம் முறை கட்டா செய்தவர் ஆயிரம் முறை காற்றைக் குத்தினார் என்று எண்ணக் கூடாது. எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றியது, தரையை உந்தி இடுப்பைத் திருப்பியது, தோளை உயர்த்தாமல் கையை நீட்டியது, திரும்பும்போது தலை ஆடாமல் இருந்தது எல்லாம் ஆயிரம் முறை நடந்திருக்கின்றன. எதிரே ஆள் இருந்தால் கவனம் முழுக்க அவன் மேல் போய்விடும். ஆள் இல்லாதபோதுதான் தன் காலைத் தானே பார்க்க முடிகிறது.

இதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: கட்டா மட்டும் செய்தவர் சண்டையில் தடுமாறுவார். எதிராளியின் எடை, பயம், வியர்வையில் வழுக்கும் பிடி, எதையும் காற்று கற்றுத் தராது. வாய்ப்பாடு மட்டும் ஒப்பித்தவர் வியாபாரி ஆகிவிட மாட்டார்.

அப்படியானால் குழப்பம் எங்கே தொடங்கியது?

பள்ளிக்கூடத்தில்.

கராத்தே ஒகினாவாவில் நெடுங்காலம் சிலருக்குள், வீட்டு முற்றங்களில், ஆசிரியரும் ஓரிரு மாணவர்களுமாகப் பயிலப்பட்டது. அந்தச் சூழலில் ஒரே கட்டாவில் வருடங்களைச் செலவிட்டார்கள். நவீன கராத்தேயை ஜப்பானின் முக்கியத் தீவுகளுக்குக் கொண்டுசென்ற கிச்சின் ஃபுனகோஷி, தன் ஆசிரியர் இடோசு அன்கோவிடம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று கட்டாக்களைக் கற்கப் பத்து ஆண்டுகள் ஆயின என்று எழுதியிருக்கிறார். மூன்றே மூன்று!

அதே இடோசுதான் 1900-களின் முதல் பத்தாண்டில் கராத்தேயை ஒகினாவாப் பள்ளிகளுக்குள் கொண்டுபோனார். அதற்காகக் குழந்தைகள் கற்கத்தக்க ஐந்து கட்டாக்களை உருவாக்கினார். நாம் மேலே பிரித்துப் பார்த்த ஹெயான் ஷோதான் அந்த ஐந்தில் ஒன்று. ஹெயான் என்பது பின்னாளில் ஃபுனகோஷி வைத்த பெயர். பள்ளி என்றால் ஐம்பது பிள்ளைகள், ஓர் ஆசிரியர், எண்ணிக்கைக்கு ஏற்ப ஒரே நேரத்தில் அசைவு. பன்னிரண்டு வயதுப் பையனுக்கு முழங்கையை முறிக்கும் வித்தையைச் சொல்லித்தர முடியாது. அசைவு தங்கியது, அதன் பயன் பின்னுக்குப் போனது. சுரக்குறிப்பு மட்டும் கைக்கு வந்து கமகம் வராமல் போனது போல.

1922-ல் ஃபுனகோஷி தோக்கியோவுக்குப் போய்க் கராத்தேயைக் காட்டிய பிறகு அது பல்கலைக்கழகங்களில் பரவியது. பின்னர் உலகம் முழுக்கப் போனது. போனதெல்லாம் பெரும்பாலும் இந்தப் பள்ளிக்கூட வடிவம்தான். கட்டா நடனம் மாதிரி இருக்கிறது என்று என் அக்கா கணவர் சொன்னதை முழுத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குக் காட்டப்பட்டது அப்படி.

படத்தில் ஆசிரியருக்கு மாட்சுமுரா என்று பெயர் வைத்ததும் சும்மா அல்ல என்றே நினைக்கிறேன். 19-ஆம் நூற்றாண்டில் ஒகினாவாவை ஆண்ட ரியூக்யூ மன்னர்களிடம் பணியாற்றிய மாட்சுமுரா சோகோன், இடோசுவுக்கும் ஆசிரியர். கராத்தே தெரிந்தவர் காதில் அந்தப் பெயர் விழுந்தால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

தலைப்பு ஒன்று சொல்கிறது, கதை வேறு சொல்கிறது

இந்தப் படத்தில் எனக்குப் பிடித்த முரண் இதுதான். தலைப்பு ‘உயர உதைக்கும் பெண்’. ஆனால் ஒகினாவாவின் பழைய கட்டாக்களில் உதைகள் பெரும்பாலும் இடுப்புக்குக் கீழேயே நிற்கும். முழங்கால், தொடை, அடிவயிறு. தலையுயர உதை பிற்காலத்தில், குறிப்பாகப் போட்டிக் கராத்தேயில், செழித்தது. காரணம் எளிது. தலைக்கு உயரும் கால் வெகுதூரம் பயணம் செய்ய வேண்டும். அதுவரை ஒற்றைக் காலில் நிற்க வேண்டும், கால் பிடிபட்டால் கதை முடிந்தது. கல் தரையில் நின்று அதைச் செய்யத் துணிச்சல் போதாது, கொஞ்சம் அசட்டுத்தனமும் வேண்டும்.

கெய்யின் குணமும் அந்த உதையும் ஒன்றுதான். பெரிதாக, அழகாக, எல்லோரும் பார்க்கும்படி. ஆசிரியரின் சண்டையைப் பாருங்கள்: கை சிறிதாக அசைகிறது, எதிராளி விழுகிறான், இவர் நின்ற இடம் அதிகம் மாறவில்லை. தகேதாவின் உதைகளுக்குக் கைதட்டத் தோன்றும். நாகாவின் அசைவுகளை இன்னொரு முறை பார்க்கத் தோன்றும்.

இன்னொரு முறை பார்க்கும் வேலையைப் படமே செய்துவிடுகிறது. அடி விழுந்ததும் அதே அடியை மெதுவான வேகத்தில் மறுபடி காட்டுகிறார்கள். மறுபடி, மறுபடி. சினிமாவாக இது எரிச்சல், ஓடுகிற சண்டையின் மூச்சைப் பிடித்து நிறுத்துகிறது. பாடமாகப் பார்த்தால் இதைவிட உதவியான காட்சி கிடைக்காது.

திரையில் அடி எப்படி விழுகிறது

சாதாரணச் சண்டைக் காட்சியில் முட்டி முகத்தைத் தொடுவதில்லை. கேமரா நிற்கும் கோணம் இடைவெளியை மறைக்கிறது. ஓசை பிறகு சேர்க்கப்படுகிறது.

பயிற்சிக் கூடத்தில் இரண்டு மரபுகள் உண்டு. ஒன்று சுன்தோமே, ‘ஒரு சுன் தள்ளி நிறுத்துதல்’. சுன் என்பது பழைய ஜப்பானிய அளவு, சுமார் 3 சென்டிமீட்டர். முழு வேகத்தில் போன முட்டி தோலுக்கு அவ்வளவு அருகில் நிற்க வேண்டும். இதைக் கேட்டுச் சிலர் ‘தொடாத கராத்தே’ என்று கேலி செய்வார்கள். லாரியை வேகமாக ஓட்டுவதைவிடச் சுவருக்கு ஒரு விரற்கடை முன்னால் நிறுத்துவது கடினம் என்பது ஓட்டியவருக்குத் தெரியும். மற்றது, அடி உடலில் விழ அனுமதிக்கும் முழுத் தொடர்பு மரபு.

‘ஹை கிக் கேர்ள்’ மூன்றாவது வழியை எடுத்தது. வரிசை முன்கூட்டியே பேசி வைத்தது, அடி மட்டும் உண்மையில் விழுவது. யோசித்துப் பார்த்தால் அதுவும் இருவர் சேர்ந்து செய்யும் ஒரு கட்டாதான். மெதுவான வேகத்தில் கன்னம் அலைவதையும் தலை திரும்புவதையும் பார்க்கும்போது, வலித்தது யாருக்கு என்ற சந்தேகம் வராது.

ஒலிம்பிக் மேடையில்

கட்டாவைப் போட்டியாகவே பார்க்க விரும்புவோருக்கு 2021 ஆகஸ்டில் தோக்கியோவின் நிப்பான் புடோகான் அரங்கில் நடந்த ஒலிம்பிக் ஆட்டங்கள் இருக்கின்றன. பெண்கள் கட்டாவில் ஸ்பெயினின் சாண்ட்ரா சான்செஸ் தங்கமும் ஜப்பானின் கியோ ஷிமிசு வெள்ளியும் வென்றார்கள். ஆண்கள் பிரிவில் ஒகினாவாவைச் சேர்ந்த ரியோ கியுனாவுக்குத் தங்கம். அந்தத் தீவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கராத்தே இடம்பெறவில்லை. மேடைக் கட்டாவில் இடைவெளிகள் நாடகத்தன்மையோடு நீள்கின்றன, சீருடை விசிறுகிறது, அதிர்கிறது. அழகுதான். ஆனால் மடிப்பைப் பிரித்துக் காட்டுவது அங்கே நடுவர்களின் முதன்மையான வேலை அல்ல.

படத்தின் மீது எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. உச்சக்கட்டத்தில் சண்டையின் பெரும்பகுதியை ஆசிரியரே எடுத்துக்கொள்கிறார். பெண்ணைத் தலைப்பில் வைத்து, அவளை நம்பி நம்மை உட்காரவைத்துவிட்டு, கடைசியில் அவளை ஓரமாக நிற்கவைத்தது நியாயமில்லை. கட்டா பலித்தது என்பதை அவள் கையாலேயே காட்டியிருக்கலாம்.

என்னோடு படம் பார்த்த அக்கா மகள், நான் சொல்லாமலே இதைக் கண்டுபிடித்துக் கோபித்துக்கொண்டாள். மறுநாள் மாலை கட்டிலுக்கு அடியிலிருந்து சீருடையை எடுத்து உதறினாள். வாசலில் என்னை நிறுத்தி, “மாமா, என் மணிக்கட்டைப் பிடியுங்கள்” என்றாள். ஹெயான் ஷோதானில் நான்காவது அசைவு ஒன்று உண்டு: பிடிபட்ட கையைப் பின்னால் வாங்கி, வட்டமாகச் சுற்றி, முட்டியின் அடிப்பக்கத்தால் மேலிருந்து இறக்குவது. என் பிடி கழன்றது. சுன்தோமே பற்றி அவளுக்கு அன்று காலைதான் சொல்லியிருந்தேன். 3 சென்டிமீட்டர் கணக்கு அவளுக்கு இன்னும் வசப்படவில்லை.